முதல் ஃபைட்டர் மீன், கண்ணாடிக் கிண்ணம், போர்வெல் தண்ணீர்: உதவி தேவை

#1 மடிப்பாக்கத்தார்

எல்லோருக்கும் வணக்கம். மீன் வளர்ப்பு எனக்குப் புதுசு. மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். முழுப்பரீட்சை லீவுக்கு நாய்க்குட்டி வேண்டும் என்று ஆரம்பித்து, அப்பார்ட்மென்ட்டில் நாய் கூடாது என்று சொல்லிச் சொல்லி, பேரம் கடைசியில் ஒரு ஃபைட்டர் மீனில் வந்து நின்றது.

கடையில் இரண்டு லிட்டர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், கலர் கூழாங்கல், ஒரு டப்பா தீவனம், மீன் என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்தார்கள். "ஃபைட்டருக்கு மோட்டாரும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம், வாரத்துக்கு ஒருதடவை தண்ணியை மாத்துங்க" என்பதுதான் அறிவுரை. நீல நிறம், வாலில் சிவப்பு, கிரவுன்டெயில் வகை என்றார்கள். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி அருகில் விரலைக் கொண்டுபோனால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். இப்போது நாள் முழுக்கக் கல்லின்மேல் படுத்திருக்கிறது. துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டினாற்போல இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் கீழே போய்விடுகிறது. தீவனம் போட்டால் வாயில் வாங்கித் துப்புகிறது.

மகள் பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட இவ்வளவு கவலைப்பட்டதில்லை. என்ன செய்யலாம்?

#2 வாதாங்கொட்டை

இதைப் படித்ததும் செய்யுங்கள்: பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கிற புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முழுதாக மாற்ற வேண்டாம். நாளை தீவனம் கிடையாது. ஒரு நாள் பட்டினி ஃபைட்டரை ஒன்றும் செய்யாது.

அப்புறம் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். என்ன தண்ணீர், எங்கிருந்து? இதுவரை எப்படி மாற்றினீர்கள்? கல்லை எப்படிக் கழுவினீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை தீவனம்? கிண்ணம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது? உடம்பில் வெள்ளைப் புள்ளி, பஞ்சு மாதிரி ஏதாவது, டார்ச் அடித்துப் பார்த்தால் தங்கப் பொடி தூவியது போன்ற மினுமினுப்பு, இதெல்லாம் உண்டா? மேலிருந்து பார்க்கும்போது செதில் சிலிர்த்து நிற்கிறதா?

#3 மடிப்பாக்கத்தார்

நன்றி. பாதி மாற்றிவிட்டேன்.

போர்வெல் தண்ணீர்தான். ஆர்ஓ மெஷின் பார்க்க வரும் தம்பி டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1100 என்று சொல்லியிருந்தார். குடிக்க கேன் தண்ணீர். வாராவாரம் மீனை ஒரு டம்ளரில் பிடித்துவைத்து, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லை வெந்நீரில் கழுவி மாடியில் காயவைத்துத் திரும்பப் போடுவோம். தீவனம் மகள் கணக்கு; காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை. மாமியாரும் நடுவில் இரண்டு சோற்றுப் பருக்கை போடுகிறார் என்று இன்றுதான் தெரிந்தது. கிண்ணம் ஹாலில், டிவி பக்கத்தில். வெள்ளைப் புள்ளி இல்லை, மினுமினுப்பு இல்லை, செதில் சரியாகத்தான் இருக்கிறது. செவுள் மட்டும் கொஞ்சம் சிவந்த மாதிரி தெரிகிறது.

#4 வாதாங்கொட்டை

அப்படியானால் நோய் என்று இப்போதைக்கு நினைக்க வேண்டாம். தண்ணீர்தான் மீனைச் சுடுகிறது. டெஸ்ட் கிட்டில் பார்க்காமல் நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற எல்லாமே அம்மோனியாவைத்தான் காட்டுகின்றன.

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே தள்ளுகிறது. தின்னாமல் கிடக்கும் தீவனம் அழுகினாலும் அம்மோனியா. சோற்றுப் பருக்கை அழுகினாலும் அதேதான். (மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: அது பூச்சி, புழு தின்னும் மீன், சோறு செல்லாது.) இரண்டு லிட்டர் தண்ணீரில் இது சேர நாள்கணக்கு ஆகாது.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியம். இன்னொன்று செவுளை எரிக்கும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதை பிஹெச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே 30 டிகிரி, பிஹெச் 8 என்றால் ஏறக்குறைய ஏழு பங்கு. இது கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். சென்னை மே மாதம், கடினமான போர் தண்ணீர், மூடி இல்லாத சின்னக் கிண்ணம் என்றால் நீங்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறீர்கள். இதே கிண்ணத்தை ஊட்டியில் மென்மையான தண்ணீரோடு வைத்திருந்தால் மீன் இவ்வளவு சீக்கிரம் படுத்திருக்காது.

"மேலே வந்து காற்று குடிக்கும் மீன்தானே, சின்ன இடம் போதும்" என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. அதனால் நேரடியாகக் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். எனவே ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் பிழைக்கும். அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு காப்பாற்றாது.

வழக்கமாக இதைச் சரிசெய்வது பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது குறைந்த அளவில் பாதகம் இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தக் கூட்டங்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாராவாரம் வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைத்தது அவற்றைத்தான்.

இனி வழி: குறைந்தது 10 லிட்டர், முடிந்தால் 20 லிட்டர் தொட்டி, காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு மூடி. அது வரும்வரை கிண்ணத்தில் தினமும் பாதித் தண்ணீர்.

#5 மருந்துப்பெட்டி

சகோ, எதற்கு இவ்வளவு கதை? கடையில் நீல மருந்து கிடைக்கும், ஐந்து சொட்டு. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி அதில் கால்வாசியைப் பிரித்துப் போடுங்கள். ராத்திரிக்குள் எழுந்து ஓடும். எங்கள் ஏரியாவில் எல்லாக் கடையிலும் இதுதான் செய்கிறார்கள்.

#6 குன்னூர் குளிர்

தயவுசெய்து வேண்டாம். நோய் என்னவென்று தெரியாமல் மனுஷ மாத்திரையைத் தண்ணீரில் கரைப்பது வைத்தியம் இல்லை. அந்த நீல மருந்து, மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்கு, முட்டைக்கு உதவும். ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், தொட்டி சிலிக்கானையும் நீலமாக்கிவிடும். அம்மோனியாவால் வாடும் மீனுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. இந்த ஊரில் எந்த மீனுக்கு என்ன வந்தாலும் முதலில் ஐந்து சொட்டு நீலம். பிழைத்தால் மருந்து நல்லது, செத்தால் மீன் சரியில்லை.

#7 ஜாடிக்காரர்

கொளத்தூர் பக்கம் நான். ஃபைட்டர்தான் தொழில். ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவதில்லை. இங்கே யார் கேட்டாலும் 20 லிட்டர், ஃபில்டர், பாக்டீரியா சுழற்சி என்று ஒரே பாட்டு. எங்களிடம் ஆண் மீன் எல்லாம் பாட்டிலிலும் ஜாடியிலும்தான் வளர்கிறது. குஞ்சு பொரித்து இரண்டு, இரண்டரை மாதத்தில் ஆண்கள் ஒன்றை ஒன்று கடிக்கத் தொடங்கும். உடனே பிரித்து ஆளுக்கு ஒரு பாட்டில். விற்கும்வரை அதில்தான். துடுப்பு ஒரு நூல் கிழியாது. சின்ன இடம் ஃபைட்டரைக் கொல்லும் என்றால் கொளத்தூரில் ஒரு மீன் மிஞ்சாது. பெரிய தொட்டி வேண்டும் என்பது தொட்டி விற்பவர்கள் கிளப்பிவிட்டது.

#8 வாதாங்கொட்டை

ஜாடிக்காரர் அண்ணே, உங்களை மாதிரித் தொழில் செய்பவர்கள் எழுதினால்தான் இந்த இழைக்கு மதிப்பு. ஒரே ஒரு கேள்வி. பாட்டிலில் எத்தனை நாளைக்கு ஒருதடவை தண்ணீர் மாற்றுகிறீர்கள்?

#9 ஜாடிக்காரர்

வெயில் காலத்தில் தினமும். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். முந்தின நாளே தொட்டியில் பிடித்து, வாதாங்கொட்டை இலை போட்டு ஊறவைத்த தண்ணீர்.

#10 வாதாங்கொட்டை

இதுதான் பதில். உங்களிடம் ஆள் செய்யும் வேலையை மடிப்பாக்கத்தார் வீட்டில் தண்ணீரின் அளவும் பாக்டீரியாவும் செய்தாக வேண்டும். தினமும் பக்குவப்படுத்திய தண்ணீரை மாற்ற ஒருவர் தயார் என்றால் ஐந்து லிட்டர் ஜாடியிலும் மீன் பிழைக்கும், நான் மறுக்கவில்லை. வாரத்துக்கு ஒருதடவைதான் கை வைப்பேன் என்றால் ஜாடி ஆகாது. கடைக்காரர்கள் உங்கள் ஜாடியை எடுத்துக்கொண்டு, உங்கள் தினசரி வேலையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. உங்களிடம் மீன் பாட்டிலில் இருப்பது சில மாதம். இவர் வீட்டில் அது இரண்டு, மூன்று வருடம் இருக்கப்போகிறது.

#11 ஜாடிக்காரர்

அது சரி. தினமும் மாற்றுவதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை, ஒத்துக்கொள்கிறேன். சொன்னால் பாதிப்பேர் வாங்க மாட்டார்கள்.

ஆனால் நீங்களும் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறீர்கள். ஹாஃப்மூன், கிரவுன்டெயில் எல்லாம் வால் பாரம். உயரமான தொட்டியில் போட்டால் ஒவ்வொரு தடவை மூச்சுக்கும் மேலே நீந்தியே களைத்துப்போகும். 20 லிட்டர் என்றால் நீளமாக, தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் உயரம் முக்கால் அடி தாண்ட வேண்டாம். மேற்பரப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து படுக்க ஒரு அகலமான இலை வையுங்கள். குட்டை வால் ப்ளாகாட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, அது எதிலும் நீந்தும். புதியவர்களுக்கு நான் எப்போதும் ப்ளாகாட்தான் காட்டுவேன்; அவர்கள் வாலைப் பார்த்து மயங்கி மற்றதை வாங்கிப் போவார்கள்.

#12 தோபாயோ மீன்பிரியர்

சிங்கப்பூரிலிருந்து. "காட்டில் மாட்டுக் குளம்பு பதிந்த குட்டையில்கூட ஃபைட்டர் வாழும்" என்று யாராவது வந்து எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இந்த மீனின் சொந்த இடம் தாய்லாந்தின் சாவோ ப்ரயா ஆற்றுச் சமவெளியும் அதைச் சுற்றியுள்ள சதுப்புகளும் நெல் வயல்களும். தண்ணீர் ஆழமில்லை, ஆனால் பரப்பு ஏக்கர் கணக்கு. செடி அடர்ந்து கிடக்கும். கோடையில் குட்டையாகச் சுருங்கும்போது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கத்தான் அந்தக் காற்று குடிக்கும் உறுப்பு, வருடம் முழுக்க அதில் வாழ இல்லை. 1910இல் ரீகன் என்ற பிரிட்டிஷ் மீனியலாளர்தான் இதற்கு இன்றைய அறிவியல் பெயரை வைத்தார். சண்டைக்காக மனிதர்கள் வளர்த்துப் பழகியது அதற்கு வெகுகாலம் முன்பே. 2019இல் தாய்லாந்து இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.

இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி கலக்கிறார்கள். ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் மாதிரிப் பறந்து போகாது, அதற்கென்று உள்ள திரவத்தைக் கலந்தே ஆகவேண்டும். நம்மூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் "நான் ராத்திரியே பிடித்து வைத்தேனே" என்று மீனை இழந்துவிட்டுக் கேட்பார்கள். மடிப்பாக்கத்தாருக்குப் போர் தண்ணீர் என்பதால் இந்தக் கவலை இல்லை.

#13 குன்னூர் குளிர்

இல்லை, கவலை உண்டு. மே மாதம் மடிப்பாக்கத்தில் அப்பார்ட்மென்ட் சம்ப்பில் போர் தண்ணீர் மட்டுமா இருக்கும்? லாரித் தண்ணீர் இறக்குகிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். லாரி வந்த அன்று குழாயில் ப்ளீச்சிங் வாடை அடித்தால் அந்தத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குப் போகக்கூடாது. ஆன்டி குளோரின் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். குளோரினை உடனே முறித்துவிடும். அம்மோனியாவை அது தொடாது.

ஹீட்டர் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் என் பங்குக்கு: ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி சௌகரியம். சென்னையில் ஹீட்டர் வாங்கினால் அது காட்சிப்பொருள். எங்கள் பக்கம் அது இல்லாவிட்டால் மீன் டிசம்பரைத் தாண்டாது. 20 லிட்டருக்கு 25 வாட்டோ 50 வாட்டோ போதும். கோயம்புத்தூர், பெங்களூரு ஆட்கள் மார்கழியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

#14 மடிப்பாக்கத்தார்

லாரி வருகிறது! வாரம் இரண்டு தடவை. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்று பம்ப், ஆன்டி குளோரின் எல்லாம் வாங்கியாகிவிட்டது. கேள்வி: தொட்டியில் என்ன தண்ணீர் ஊற்றுவது? கேன் தண்ணீரையே முழுக்க ஊற்றிவிடலாமா? சுத்தமானது அல்லவா.

#15 ஜாடிக்காரர்

வெறும் கேன் தண்ணீர் வேண்டாம். உப்புச்சத்து எதுவும் இல்லாத தண்ணீரில் மீன் சோர்ந்துபோகும். போர் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன் போர் தண்ணீரில் நன்றாகவே இருக்கும்.

#16 வாதாங்கொட்டை

ஜாடிக்காரர் சொல்வது சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். கேன் தண்ணீரில் பிஹெச்சைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட் மிகக் குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும், அதைத் தாங்க ஒன்றும் இல்லாமல் பிஹெச் திடீரென்று சரியும். கடினமான தண்ணீரில் இந்த அபாயம் இல்லை.

டிடிஎஸ் 1100 எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. பாதி போர், பாதி கேன் என்று கலந்தால் பாதியாகக் குறையும். ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் நிரப்பலுக்கு முக்கால் போர், கால் கேன். பிறகு ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் கேனைக் கொஞ்சம் கூட்டுங்கள். தினம் ஒரு தண்ணீர் என்று மாறாமல் எப்போதும் ஒரே கலவை என்பதுதான் மீனுக்கு வேண்டியது.

மீனை மாற்றும்போது ஒரு டப்பாவில் பழைய தண்ணீரோடு பிடித்து, அந்த டப்பாவைத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். சூடு சமமாகட்டும். அப்புறம் அரை டம்ளர், அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீரை டப்பாவில் சேர்த்து, மீனை மட்டும் விடுங்கள். கிண்ணத்துத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். ஆனால் கூழாங்கல்லைக் கழுவாமல் அப்படியே போடுங்கள், கொஞ்சமாவது பாக்டீரியா ஒட்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர்களுடைய ஃபில்டர் பஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்துவிடச் சொல்லுங்கள். அந்த அழுக்குத் தண்ணீர்தான் நமக்குப் பொன்.

பஸ் பார்சலில் மீன் வரவழைப்பவர்களுக்கு இதே முறை பொருந்தாது. பல மணிநேரம் கட்டிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால்தான் சேர்ந்திருக்கும் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். எனவே சூட்டைச் சமப்படுத்துவது கட்டிய பையோடு. திறந்த பின் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்காமல் சீக்கிரம் மீனை எடுத்துவிடுங்கள்.

#17 பல்லாவரம் சந்தை

செடி வையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் மண் கேட்காது, கல்லில் நூலால் கட்டினால் போதும், சாதாரண வெளிச்சத்தில் வளரும். ஒரு மணி பிளான்ட் தண்டின் வேரை மட்டும் தண்ணீரில் விட்டு இலையை வெளியே வைத்தால் நைட்ரேட்டை உறிஞ்சும். பிளாஸ்டிக் செடி மட்டும் வேண்டாம். ஒரு நைலான் துணியை அதன்மேல் உரசிப் பாருங்கள். துணியில் நூல் இழுத்தால் வாலும் கிழியும்.

மூடி கட்டாயம். எங்கள் சந்தையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசைக்கு அடியில் பார்த்தால் தெரியும் இது எவ்வளவு குதிக்கும் என்று. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி விடுங்கள். அங்கேதான் அது மூச்செடுக்கும்.

#18 மடிப்பாக்கத்தார்

மீன் புதுத் தொட்டிக்குப் போய்விட்டது. துடுப்பை விரித்துவிட்டது! தீவனம் தின்கிறது. மகள் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள்.

இரண்டு சந்தேகம். ஃபில்டர் குமிழி வேகத்தில் மீன் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. தீவனம் சரியாக எவ்வளவு? டப்பாவில் "ஐந்து நிமிடத்தில் தின்னும் அளவு" என்று போட்டிருக்கிறது. இது ஐந்து நிமிடத்தில் டப்பாவையே தின்னும் போலிருக்கிறது.

#19 ஜாடிக்காரர்

காற்றுக் குழாயின் நடுவில் சின்ன வால்வு மாட்டிக் குறையுங்கள். குமிழி ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் போதும், கொதிக்க வேண்டாம்.

தீவனம்: காலையில் இரண்டு, மூன்று உருண்டை. மாலையில் இரண்டு, மூன்று. அதன் வயிறு சின்னது. கெஞ்சும், நம்பாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாதீர்கள். கொசுப்புழு கிடைத்தால் அதைவிட நல்ல சாப்பாடு இல்லை, சுத்தமான வாளித் தண்ணீரில் பிடித்ததாக இருக்கட்டும். சாக்கடையில் எடுத்த சிவப்புப் புழுவைக் கடையில் உயிரோடு விற்பார்கள். நாங்களே அதை நாள்கணக்கில் ஓடும் தண்ணீரில் அலசித்தான் போடுவோம். வீட்டில் அந்த வேலை ஆகாது, உறைந்த ப்ளட்வார்ம் கட்டி வாங்கி வாரம் ஒருநாள் துளி கொடுங்கள்.

#20 மருந்துப்பெட்டி

வயிறு வீங்கினால் வேகவைத்த பட்டாணியை உரித்துக் கொடுக்கலாம்.

#21 குன்னூர் குளிர்

தங்கமீனுக்குக் கொடுப்பது அது. ஃபைட்டர் பூச்சி தின்னி, பட்டாணி அதற்குச் செரிக்காது. இரண்டு, மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு டாஃப்னியா என்ற சின்னத் தண்ணீர்ப்பூச்சி கிடைத்தால் கொடுங்கள். வயிறு வீங்கி, மேலிருந்து பார்க்கையில் செதிலெல்லாம் சிலிர்த்து நின்றால் அது வேறு விஷயம், உள்ளுறுப்பு கெட்டதன் அடையாளம். அந்தக் கட்டத்துக்கு வந்த மீன் பிழைப்பது அபூர்வம்.

கல் உப்பு பற்றியும் யாராவது கேட்பார்கள். துடுப்பு ஓரம் அரித்தால் தனிப் பாத்திரத்தில் 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து ஒரு வாரம், அதிகபட்சம் பத்து நாள். தினமும் தண்ணீர் மாற்றி அதே அளவில் புதிதாகக் கரைக்க வேண்டும். "எப்போதும் ஒரு சிட்டிகை இருக்கட்டும்" என்று தொட்டியில் போட்டுவைப்பது வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, செடியும் வாடும்.

#22 மடிப்பாக்கத்தார்

குறித்துக்கொண்டேன். மகளின் கேள்விகளை அப்படியே போடுகிறேன். ஒன்று: தனியாக இருக்கிறதே பாவம், கப்பி மீன் விடலாமா? இரண்டு: கண்ணாடி காட்டினால் கோபப்படுகிறதே, தினமும் காட்டலாமா? மூன்று: மேலே நுரை நுரையாகக் கட்டியிருக்கிறது, நோயா?

#23 தோபாயோ மீன்பிரியர்

பாப்பாவுக்கு: அதற்குத் தனிமை பாவம் இல்லை, தனக்கென்று ஒரு எல்லை வேண்டும் என்பதுதான் அதன் குணம். கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்றே நினைத்துத் துரத்தும். ஒன்று கப்பி வாலை இழக்கும், அல்லது சில சுறுசுறுப்பான மீன்கள் சேர்ந்து இதன் வாலைக் கொத்தும். துணை வேண்டுமென்றால் ஒரு நத்தை. பெண் ஃபைட்டரையும் சேர்த்து வைக்கக்கூடாது. முட்டையிடும் சமயம் தவிர அவற்றுக்குள்ளும் சண்டைதான்.

கண்ணாடி ஒன்றிரண்டு நிமிடம் காட்டலாம், அதற்கு உடற்பயிற்சி. நாள் முழுக்கத் தன் பிம்பமே தெரியும்படி தொட்டியை வைத்தால் களைத்துப்போகும்.

நுரை நோய் இல்லை. ஆண் மீன் வாயால் கட்டும் கூடு. முட்டைகளை அதில்தான் வைத்துக் காவல் காக்கும். பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும். "கூடு கட்டினால் சந்தோஷமாக இருக்கிறது" என்பார்கள். அழுக்குத் தண்ணீரிலும் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத் தண்ணீருக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

#24 வாதாங்கொட்டை

மீன் தேறிவிட்டது என்று இப்போது கையைக் கட்டிவிடாதீர்கள். ஃபில்டர் இன்னும் பழகவில்லை. அடுத்த நான்கைந்து வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். முடிந்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வாங்குங்கள், மீனைவிட விலை அதிகம்தான். இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு வாரத்துக்கு ஒருதடவை கால்வாசி போதும். பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழியுங்கள்.

கரண்ட் போனால் பதற வேண்டாம், இந்த மீன் காற்றில் மூச்சுவிடும். ஆனால் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்றவுடன் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிப் பம்புக்குள் இறங்கும். ஒருவழி வால்வு ஒன்று மாட்டுங்கள். வெயில் உச்சத்தில் தண்ணீர் 32ஐத் தாண்டினால் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி டேபிள் ஃபேன் காற்று மேற்பரப்பில் படும்படி வையுங்கள், இரண்டு டிகிரியாவது இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள்.

தெருவில் வாதாங்கொட்டை மரம் இருந்தால், தானாகப் பழுத்துக் காய்ந்து விழுந்த இலையாகப் பொறுக்குங்கள். பச்சை இலை வேண்டாம், வண்டிப் புகை படிகிற சாலையோர மரமும் வேண்டாம். கழுவி, காயவைத்து, 20 லிட்டருக்கு ஒரு இலை. தண்ணீர் டீ நிறமாகும், அது சரிதான். அது மருந்து இல்லை. மீனுக்கு இதமாக இருக்கும், பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவே. உங்கள் கடினத் தண்ணீரில் ஒரு இலை பிஹெச்சைப் பெரிதாக இறக்கிவிடாது.

#25 மடிப்பாக்கத்தார்

அடுத்த வாரம் ஊர்த் திருவிழா, நான்கு நாள் வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தீவனம் போடச் சொல்லலாமா? கடையில் விடுமுறைத் தீவனக் கட்டி என்று ஒன்று காட்டினார்கள்.

#26 ஜாடிக்காரர்

வேண்டாம், வேண்டாம். நல்ல மீன் நான்கு நாள் சும்மா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அன்பு மிகுதியில் ஒரு கை அள்ளிப் போடுவார், அந்தக் கட்டியும் கரைந்து தண்ணீரைத்தான் கெடுக்கும். போவதற்கு முன் கால்வாசித் தண்ணீர் மாற்றி, மூடியைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். வந்ததும் மறுபடி கால்வாசி. முதல் வேளைக்கு இரண்டு உருண்டைக்கு மேல் கூடாது.

#27 பல்லாவரம் சந்தை

மாமியாரும் ஊருக்கு வருகிறார்தானே?

#28 மடிப்பாக்கத்தார்

வருகிறார். சோற்றுப் பானையும் கூடவே வருகிறது.

#29 புதுக்கடல்

இதே இழையில் கேட்கலாமா? என்னிடம் ஹாஃப்மூன் ஜோடி இருக்கிறது, முட்டை எடுக்க வேண்டும். பெண் மீன் வயிற்றில் குறுக்கே வெளிர் கோடு தெரிகிறது. ஒரே தொட்டியில் எப்போது விடலாம்?

#30 ஜாடிக்காரர்

மேலிருந்து கீழாக ஓடும் குறுக்குக் கோடு தெரிந்தால் பெண் தயார். ஆனால் நேராக விடாதீர்கள், கண்ணாடிச் சிம்னிக்குள் பெண்ணை வைத்து ஆண் கூடு கட்டும்வரை பார்க்கவிடுங்கள். குஞ்சுக்கு முதல் வாரம் போட இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்) வளர்த்து வைத்திருக்கிறீர்களா? அது இல்லாமல் இறங்காதீர்கள். தனி இழை தொடங்குங்கள், படத்தோடு. அங்கே எழுதுகிறேன்.